பதினோராம் பக்கத்தில் நின்ற புத்தகம்

(சென்னையில் ஜப்பானிய மொழி பயில்வோர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலை. டிசம்பர் தேர்வு வேறு நெருங்குகிறது. அதையும் மீறி இத்தனை பேர் வந்திருப்பது என் பேச்சுக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். "என்ன புத்தகம் சார் வாங்கலாம்?" என்ற கேள்விக்காக வந்திருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒருவராவது அதைக் கேட்டுவிடுகிறார். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லி அனுப்பி நான் கெடுத்தவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கும் முன்னால் என்னையே கெடுத்துக்கொண்டேன். அந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜப்பானில் எனக்கு அது முதல் வருடம். ஹிராகானா, காத்தாகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசையும் தெரியும், தொடக்கநிலைப் பாடப்புத்தகத்தில் ஐம்பது பாடமும் முடித்தாயிற்று. கொஞ்சம் திமிரும் இருந்தது. ஒரு பழைய புத்தகக் கடையில், நூறு யென் அலமாரியில், நட்சுமே சோசெகியின் 'கொகொரோ' கிடந்தது. 1914இல் வந்த நாவல். அங்கே உயர்நிலைப் பள்ளிப் பாடப்புத்தகங்களில் அதிலிருந்து ஒரு பகுதி வைத்திருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் படிப்பதை நான் படிக்க மாட்டேனா? 'புங்கோ' என்கிற அந்தச் சட்டைப்பை அளவுப் பதிப்பை வாங்கிக்கொண்டு வந்து, பென்சிலும் அகராதியுமாக உட்கார்ந்தேன். தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு, ஓரத்தில் அர்த்தம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பதினோராம் பக்கத்தில் நிற்கிறேன். அந்தப் பதினோரு பக்கத்தில் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். சொல் சொல்லாக எல்லாம் தெரியும், கதை தெரியாது.

பட்ட அடியில் நேர் எதிர்த்திசைக்கு ஓடினேன். மாடி வீட்டில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டும் சாக்கில் 'குரி தொ குரா' என்ற படப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். நாகாகாவா ரியெகோ எழுதி, அவர் தங்கை யமவாகி யுரிகோ படம் வரைந்து, 1963இல் முதலில் வெளிவந்த கதை. இரண்டு காட்டெலிகள் காட்டுக்குள் மாபெரும் முட்டை ஒன்றைக் கண்டெடுத்து, வாணலியில் 'கஸ்தெரா' கேக் செய்கின்றன. அவ்வளவுதான் கதை. ஜப்பானில் அதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அரிது. முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். என் பாடப்புத்தகம் எனக்கு 'ஷுச்சோ' என்றால் அலுவலகப் பயணம், 'ஸாங்யோ' என்றால் கூடுதல் நேர வேலை என்று சொல்லிக்கொடுத்திருந்தது. எலிகளோ 'தொங்குரி' பொறுக்கப் போயின. தொங்குரி என்றால் என்ன? கருவாலி மரத்துக் கொட்டை. நான்கு வயதுக் குழந்தைக்குத் தெரியும், நாலெழுத்துப் படித்த எனக்குத் தெரியவில்லை. அவள் எழுந்து போய் ஜன்னலோரம் சேர்த்து வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

பெரிய புத்தகம் கடினம், சின்னப் புத்தகம் சுலபம் என்ற கணக்கு அன்றைக்கு உடைந்தது. குழந்தையின் சொல்வளம் வேறு, அலுவலகத்துக்குப் போகிறவன் சொல்வளம் வேறு. உருளுவது, பொங்குவது, சுரண்டுவது, அடிபிடிப்பது, நுரைப்பது இதெல்லாம் எந்தத் தொடக்கப் பாடத்திலும் வராது. படப் புத்தகம் முழுக்க அதுதான்.

இன்னொரு தவறான கணக்கு, கஞ்சி எழுத்து இல்லாத பக்கம் சுலபம் என்பது. கஞ்சி என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சீனாவிலிருந்து வந்த எழுத்துகளுக்கு அங்கே அதுதான் பெயர், நான் என்ன செய்ய? நமக்குக் காய்ச்சலில் குடிப்பது. அவர்கள் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கான பாடு. முதல் வகுப்பில் 80 எழுத்து, ஆறாம் வகுப்பு முடியும்போது 1026. பொதுப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2136. இந்த எண்களைக் கேட்டுப் பயந்துதான் பலரும் கஞ்சியே இல்லாத புத்தகம் தேடுகிறார்கள். ஆனால் ஜப்பானியர் சொற்களுக்கு நடுவே இடம் விட்டு எழுதுவதில்லை. குழந்தைகளுக்கான புத்தகத்தில் மட்டும் விடுவார்கள். 'நிவா நி வா நிவா நிவாதொரி கா இரு' என்று நாப்பிறழ் தொடர் ஒன்று உண்டு. தோட்டத்தில் இரண்டு கோழி இருக்கிறது என்று அர்த்தம். ஹிராகானாவில் இடைவெளி இல்லாமல் எழுதினால் எது தோட்டம், எது இரண்டு, எது கோழி என்று தேட வேண்டும். கஞ்சியில் எழுதினால் ஒரு பார்வையில் மூன்றும் தனித்தனியாக நிற்கும். புள்ளியும் இடைவெளியும் இல்லாத ஓலைச்சுவடியை வாசிப்பவர் பட்ட பாடு நமக்குத் தெரியாததா? எழுத்து தெரிந்தால் போதாது, பதம் பிரிக்கத் தெரிய வேண்டும். ஜப்பானியத்தில் பதம் பிரித்துக் கொடுப்பது கஞ்சிதான். பகையாளி என்று நினைத்தவன் வழிகாட்டி.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். ஜப்பானியம் படிக்க இந்தந்தப் புத்தகம் என்று ஊரெல்லாம் உலவும் பட்டியல்கள் நமக்காகப் போட்டவை இல்லை. ஒன்று, ஆங்கிலம் பேசுகிறவரை வைத்துப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் சீன மாணவரை வைத்துப் போட்டிருப்பார்கள். ஆங்கிலக்காரருக்கு எழுத்தும் மலை, வாக்கியமும் மலை. சீன மாணவர் வந்த மறுநாளே செய்தித்தாளின் தலைப்பைக் கண்ணால் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். வாக்கியத்தின் வாலில்தான் தடுக்கி விழுவார். அவருக்கும் குழி இருக்கிறது. 'கை', 'காகிதம்' என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஜப்பானியத்தில் கடிதம். சீனத்தில் கழிப்பறைக் காகிதம். அது அவர் பாடு.

நம் கதை மூன்றாவது. எழுத்தில் ஆங்கிலக்காரரைப் போலவே நாமும் அனாதை. வாக்கியத்தில் நமக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. 'கினோ வதாஷி கா கத்தா ஹொன்'. நேற்று, நான், வாங்கிய, புத்தகம். ஒரு சொல்லை இடம் மாற்ற வேண்டாம். ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், தலைகீழாகத் திருப்ப வேண்டியிருக்கும். 'தாபெதே மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். மிரு என்றால் பார். 'யொந்தே ஒகு' என்றால் படித்து வை. ஒகு என்றால் வை. 'வசுரெதே ஷிமத்தா' மறந்துவிட்டேன். 'தொ' என்பது நம் 'என்று'. ஓனோ சுசுமு என்ற பேராசிரியர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடியதும், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்காததும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த வழக்கு நடக்கட்டும். படிக்கிறவனுக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, வசதி. அந்த வசதி நமக்கு இருக்கிறது.

ஆக, நீண்ட வாக்கியம் இருக்கிறதே என்று ஒரு புத்தகத்தைத் தமிழன் ஒதுக்க வேண்டியதில்லை. 'வாக்கியம் சிறியது, கஞ்சி நிறைய' என்கிற புத்தகத்தைவிட, 'வாக்கியம் நீளம், கஞ்சிக்குப் பக்கத்தில் வாசிப்புக் குறிப்பு உண்டு' என்கிற புத்தகம் நமக்கு நல்லது. அந்தக் குறிப்புக்கு ஃபுரிகானா என்று பெயர். கஞ்சிக்கு மேலேயோ வலப்பக்கமோ பொடி எழுத்தில் ஹிராகானா ஓடும். அச்சுக்கூடத்தார் அதை 'ரூபி' என்பார்கள். பழைய ஆங்கிலேய அச்சுக்காரர்கள் ஒரு பொடி எழுத்தளவுக்கு மாணிக்கத்தின் பெயரை வைத்திருந்தார்கள், அங்கிருந்து வந்தது. எல்லாக் கஞ்சிக்கும் குறிப்பு போட்டிருந்தால் 'சோ ரூபி'. கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது முதலில் இதைப் பாருங்கள். அட்டையில் என்ன நிலை போட்டிருக்கிறான் என்று பிறகு பார்க்கலாம்.

சோ ரூபி எங்கே கிடைக்கும்? சிறுவர்களுக்கான மாங்கா என்கிற படக்கதைகளில். 'ஷோனென் ஜம்ப்' வார இதழ் 1968இலிருந்து வருகிறது. அதில் வரும் கதைகளுக்கு ரூபி உண்டு. பெரியவர்களுக்கான மாங்கா இதழ்களில் பெரும்பாலும் இருக்காது. படம் ஒரே மாதிரிதானே என்று வாங்கி ஏமாறாதீர்கள். பிறகு, பள்ளி மாணவர் நாளிதழ்கள். பிறகு, கொதான்ஷாவின் 'அவோய் தொரி புங்கோ', கதோகாவாவின் 'சுபாசா புங்கோ' போன்ற சிறுவர் வரிசைகள். ஷின்காய் மகோதோவின் 'கிமி நோ நா வா' நாவல்கூட சுபாசா வரிசையில் ரூபியோடு இருக்கிறது. அதைத் திரைப்படமாகப் பார்த்தவர்கள் கை தூக்க வேண்டாம், தெரியும்.

மாங்காவை நான் பரிந்துரைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது தமிழருக்கே உரியது. சொன்னான், சொன்னாள், சொன்னேன், சொன்னார்கள் என்று நம் வினைச்சொல் வாலிலேயே ஆளைக் காட்டிவிடும். ஜப்பானியத்தில் 'இத்தா', அவ்வளவுதான். அவனா, அவளா, நானா, ஊரே திரண்டு சொன்னதா? எழுவாயும் பெரும்பாலும் இருக்காது. நாமும் எழுவாயை விடுகிற ஜாதிதான், ஆனால் வால் இருக்கிற தைரியத்தில் விடுகிறோம். கொகொரோவில் நான் தொலைந்து போனது இங்கேதான் என்று பின்னால் புரிந்தது. யார் பேசுகிறார்கள் என்பதே தெரியாமல் சொற்களுக்கு மட்டும் அர்த்தம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மாங்காவில் பேச்சுக்குமிழியின் நுனி யார் வாயை நோக்கி நிற்கிறது என்று பார்த்தால் போதும். கொஞ்ச நாளில், படமில்லாத பக்கத்திலும் மரியாதைச் சொல்லையும் கொடுப்பது வாங்குவது பற்றிய வினைகளையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிடும்.

அஸுமா கியோஹிகோவின் 'யொத்சுபாதோ' அதற்கு ஏற்றது. ஐந்து வயதுச் சிறுமி, அப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள், கடைத்தெரு. வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. நேற்றைக்குக் கற்ற சொல்லை நாளைக்குக் கடையில் பயன்படுத்தலாம். நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்க்கிற ஷின்சானை மட்டும் தொடக்கத்தில் வேண்டாம் என்பேன். அந்தப் பயல் வேண்டுமென்றே தப்பாகப் பேசுகிறவன். வீட்டுக்குள் நுழையும்போது 'ததாய்மா' என்று சொல்ல வேண்டும்; அவன் உள்ளே இருப்பவர்கள் சொல்ல வேண்டிய 'ஒகாஎரி'யைத் தானே சொல்லிக்கொண்டு வருவான். சரி எது என்று தெரிந்தவனுக்கு அது சிரிப்பு. தெரியாதவனுக்கு அது பாடம். அங்கேதான் ஆபத்து.

இதில் இன்னும் ஒரு கண்ணி உண்டு. கதைகளில் வரும் கிழட்டு விஞ்ஞானி தன்னை 'வாஷி' என்பார், வாக்கியத்தை 'ஜா' என்று முடிப்பார். எந்த ஜப்பானியப் பேராசிரியரும் வகுப்பில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கின்சுயி சதோஷி என்ற மொழியியலாளர் இதற்கு 'யகுவாரிகோ' என்று பெயர் வைத்தார். வேடத்துக்கேற்ற பேச்சு என்று சொல்லலாம். நம் சினிமாவில் அரசர் வேடம் போட்டவர் பேசுகிற தமிழை ஒருவர் அப்படியே கற்றுக்கொண்டு வந்து தி.நகரில் புடவை விலை கேட்டால் எப்படி இருக்கும்? படியுங்கள், ரசியுங்கள். வாயில் ஏற்றிக்கொள்ளும் முன் ஒரு ஜப்பானியரிடம் கேட்டுவிடுங்கள்.

மாங்கா பிடிக்காதவர்கள் இருக்கிறீர்கள். அவர்களுக்கு 'ததோகு' புத்தகங்கள். ததோகு என்றால் நிறையப் படிப்பது. மொழி பயில்வோருக்கென்றே சொற்களை அளந்து எழுதிய மெல்லிய கதைப் புத்தகங்கள், தொடக்க நிலையிலிருந்து படிப்படியாக. இதற்கென்று இயங்கும் ஒரு தொண்டு அமைப்பு பல புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. அவர்கள் சொல்லும் விதிகள் நான்கு: சுலபமானதிலிருந்து தொடங்கு, அகராதி பார்க்காதே, புரியாததைத் தாண்டிப் போ, படிக்க ஓடவில்லையென்றால் அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடு. முதல் மூன்றையும் நம் ஆட்கள் ஒருவாறு ஏற்றுக்கொள்கிறார்கள். நான்காவதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். பாதியில் மூடுவது சோம்பேறித்தனம் என்று வளர்த்திருக்கிறார்கள் நம்மை. காசு கொடுத்து வாங்கியது வேறு. என் கணக்குப்படி, ஒரு பக்கத்தில் அகராதியைத் தேடி ஐந்து தடவைக்கு மேல் கை போனால், அந்தப் புத்தகத்தை மூடி வைப்பதுதான் உழைப்பு. அடுத்த வருடம் அதுவே திறந்துகொள்ளும்.

செய்தி படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, என்எச்கே ஒலிபரப்பு நிறுவனம் 2012இலிருந்து எளிய ஜப்பானியத்தில் செய்தி எழுதுகிறது. ரூபி உண்டு, வாசிக்கும் குரலும் உண்டு. இதன் பின்னால் இருக்கிற 'யசாஷீ நிஹோங்கோ', அதாவது எளிய ஜப்பானியம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1995 ஜனவரி 17, கோபே பூகம்பம். 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் பலருக்கு ஒலிபெருக்கி அறிவிப்பும் ஒட்டிய தாளும் புரியவில்லை. 'ஹினன்' என்ற கஞ்சிச் சொல்லுக்குப் பதில் 'நிகேரு', ஓடித் தப்பு என்று சொன்னால் புரியுமே என்று அதற்குப் பிறகுதான் மொழியியலாளர்கள் முறையாக யோசித்தார்கள். 2024 புத்தாண்டு அன்று நோதோவில் நிலம் குலுங்கியபோது தொலைக்காட்சித் திரையில் ஹிராகானாவில் பெரிதாக 'நிகேதே' என்று வந்தது. தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், ஜப்பானில் குடியேறப் போகிற ஒருவர் முதலில் படிக்க வேண்டியவை இந்த வகைத் தாள்கள். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்கிற நகராட்சி அட்டவணை, அக்கம்பக்கத்தில் கைமாறி வரும் 'கைரான்பான்' சுற்றறிக்கை, மருந்துச் சீட்டு. இவற்றை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் முதன்முதலில் முழுதாகப் படித்துப் புரிந்துகொண்ட ஜப்பானிய எழுத்து, எங்கள் கட்டடத்தின் குப்பை அட்டவணைதான்.

இலக்கியம் எப்போது என்று கேட்பீர்கள். வருகிறேன். நியிமி நான்கிச்சியின் 'கோன்' என்ற சின்ன நரியின் கதை, 1932இல் வந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் பாடமாகப் படிப்பது. கோன் விளையாட்டாக ஒரு விலாங்கு மீனைத் திருடும். பிறகு, அந்த மீனைப் பிடித்தவனின் தாய் இறந்துபோனது தெரிந்து, தன் தப்பை எண்ணி, யாருக்கும் தெரியாமல் அவன் வீட்டில் கொட்டைகளும் காளானும் கொண்டுபோய் வைக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன். நான்காம் வகுப்புப் பாடம்தானே என்று போனால், பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளும் பெண் வருவாள், பழங்காலத்து அடுப்பு வரும். ஜப்பானியக் குழந்தைக்கே ஆசிரியர் விளக்குகிற சொற்கள் அவை. அங்கே திகைத்து நின்றால் குற்றம் உங்களுடையது இல்லை.

இது போன்றவை 'அவோஸோரா புங்கோ' என்ற மின்நூலகத்தில் 1997இலிருந்து இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1946இல் ஜப்பானியர் எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்தினார்கள். அதற்கு முன் 'இன்று' என்பதைக் 'கேஃபு' என்று எழுதி 'க்யோ' என்று வாசித்தார்கள். ஒரே கதைக்கு அந்தத் தளத்தில் பழைய கூட்டலிலும் புதிய கூட்டலிலும் தனித்தனிப் பதிப்பு இருக்கலாம்; பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். பார்க்காமல் பழையதை இறக்கிவிட்டு, தனக்கு ஜப்பானியமே வரவில்லை என்று என்னிடம் அழுத மாணவர் உண்டு. புதிய ஆசிரியர்கள் அங்கே இப்போதைக்கு வரமாட்டார்கள். 2018 கடைசியில் காப்புரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கிவிட்டார்கள். 1970இல் இறந்த எழுத்தாளர் மிஷிமாவுக்கு 2041 வரை காத்திருக்க வேண்டும்.

அதுவரை ஹோஷி ஷின்இச்சி இருக்கிறாரே. 1926இல் பிறந்து 1997இல் மறைந்தவர். ஆயிரத்துக்கு மேல் குட்டிக் கதைகள், பல கதைகள் நாலைந்து பக்கம். 'ஒரு நாள் திடீரென்று ஒரு குழி' என்கிற மாதிரி ஆரம்பிக்கும். புயலில் கோயில் போன இடத்தில் அடியே தெரியாத பள்ளம். 'ஓய், வெளியே வா' என்று ஒருவன் கத்துகிறான், கூழாங்கல்லை எறிகிறான். பதில் இல்லை. பிறகு ஊர் தன் குப்பையை எல்லாம், அணுக்கழிவு வரை, அதற்குள் கொட்டுகிறது. முடிவு கடைசி வரிகளில் வானத்திலிருந்து வரும். அவருடைய பல கதைகளில் பாத்திரத்தின் பெயர் சும்மா 'என் ஷி', அதாவது திருவாளர் என். காலத்தால் பழசாகிற சொற்களை அவர் பின்னாளில் தேடித் தேடி மாற்றினார். தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினான் என்றிருந்ததைத் தொலைபேசியில் அழைத்தான் என்று ஆக்கினார். அவர் அதைத் தன் வாசகருக்காகச் செய்தார், லாபம் நமக்கு.

தமிழில் ஏற்கெனவே படித்த கதையை எடுப்பது இன்னொரு நல்ல வழி. குரோயானகி தெத்சுகோவின் 'டோட்டோ சான்' 1981இல் வந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டதை இங்கே பாதிப் பேர் படித்திருப்பீர்கள். ரயில் பெட்டியில் வகுப்பறை, கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் என்று பார்த்துப் பார்த்துக் கேட்கிற சாப்பாட்டுப் பெட்டி. கதை தெரிந்திருப்பதால் அடுத்தது என்ன என்ற கவலை இல்லை. எப்படிச் சொல்கிறார் என்பதில் மட்டும் கண் இருக்கும். அதுவும் அவோய் தொரி வரிசையில் உண்டு.

தேர்வுப் பயிற்சி நூல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று பார்க்கிறீர்கள். வாங்குங்கள், தேர்வுக்கு வேண்டும். அதைப் படிப்பதை வாசிப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பத்தி, நான்கு விடை, சரியானதைக் கட்டம் கட்டு. அதில் யாரும் அடுத்த பக்கத்துக்காக இரவு கண்விழித்ததில்லை.

பேச்சு முடிகிறது. பின் வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு அட்டைப்பெட்டி இருக்கிறது. என் பழைய புத்தகங்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று பக்கம் படித்துப் பாருங்கள், ஓடவில்லையென்றால் அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள்; யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்தக் கொகொரோவும் உள்ளே இருக்கிறது. ஆறு வருடம் கழித்து வேறொரு பிரதி வாங்கி நான் படித்து முடித்துவிட்டேன். இதில் பதினோராம் பக்கம் வரை பென்சில் கோடு இருக்கும். பன்னிரண்டிலிருந்து சுத்தமாக இருக்கும்.